சிவப்பு நீலமாகும் காகிதம்: நிறமாற்றச் சோதனையின் வரலாறு



2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் நாள் நம் ஜொகூர் மாநிலத்தின் பாசீர் கூடாங் வட்டாரத்தில் ஓடும் கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவு திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்டது. அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்கள் மூச்சுத் திணறியும் வாந்தியெடுத்தும் துவண்டனர். சுமார் 6,000 பேர் பாதிக்கப்பட்டனர்; அவர்களுள் 2,775 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அடுத்த மாதமே ஜொகூர் ஆற்றில் அம்மோனியா மிகுந்தது. கோத்தா திங்கி அருகே சிங்கப்பூருக்காக நீரெடுக்கும் நிலையம் சில நாள் நீர் இறைப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று.

அவ்விரு நிகழ்ச்சிகளிலும் மக்கள் முதலில் அறிந்தது நாற்றத்தை, பிறகு நோயை. நஞ்சின் பெயரை அவர்கள் அறிந்தது கடைசியில்தான். ஆய்வகத்திற்கும் ஆற்றங்கரைக்கும் இடையே உள்ள இந்தக் காலத் தொலைவைக் குறைக்க முடியுமா? ஒரு துண்டுக் காகிதத்தை நீரில் நனைத்தவுடன், அதன் நிறத்தைக் கொண்டே நஞ்சு உண்டா இல்லையா என்று ஒரு வகுப்பாசிரியர் சொல்லிவிட முடியுமா? உலோக நானோ துகள்களைக் கொண்டு மலிவு விலையில் காகித உணரிகள் செய்யும் முயற்சி இக்கேள்வியிலிருந்தே பிறந்தது. அது நேற்றுத் தோன்றிய துறை என்று பலர் எண்ணுகின்றனர். அதன் வேர்களோ மிகப் பழையவை. அவற்றுட் சில நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கின்றன.

ஆலத்தித் தட்டும் கடுக்காய் மையும்

மணமக்களுக்கு ஆலத்தி சுற்றும் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு இட்டவுடன் அது செந்நீராகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் சாயம் காரத்தைச் சந்தித்ததால் நேர்ந்த மாற்றம் அது. வேதியியல் மொழியில் சொன்னால், நம் பாட்டிமார் காரத்தைக் கண்டறியும் நிறங்காட்டி ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்தனர். மஞ்சள் சாற்றில் நனைத்து உலர்த்திய தாளைக் கொண்டு போரிக் அமிலத்தைக் கண்டறியும் முறை பிற்காலத்தில் உலகெங்கும் ஆய்வகங்களில் வழங்கியது.

ஆனால் ஆலத்தித் தட்டை யாரும் சோதனைக் கருவியாகக் கருதவில்லை. நிறமாற்றம் அங்கே மங்கலத்தின் அடையாளம். அது கேள்விக்குரிய விடை அன்று. நிறமாற்றத்தைக் கேள்விக்குரிய விடையாக்கியதே அறிவியல் வரலாற்றின் ஒரு திருப்பம். அதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியர் மூத்த பிளினி எழுதிய இயற்கை வரலாறு என்னும் நூலில் உள்ளது. அக்காலத்தில் செம்புப் பச்சை விலையுயர்ந்த சரக்கு. அதில் மலிவான இரும்பு உப்பைக் கலந்து விற்போர் இருந்தனர். இக்கலப்படத்தைக் கண்டுபிடிக்க, மாசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்த பாப்பிரசுத் தாளில் அச்சரக்கைத் தடவிப் பார்க்க வேண்டும் என்கிறார் பிளினி. இரும்பு இருந்தால் தாள் உடனே கறுத்துவிடும். தாள், அதில் ஊறிய வினைப்பொருள், நிறமாற்றம் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றுசேர்ந்துவிட்டன.

மாசிக்காயில் உள்ளது தானின் என்னும் துவர்ப்புப்பொருள். கடுக்காயிலும் அதுவே உண்டு. கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் இதே வினையைத்தான் பயன்படுத்தினர். ஜொகூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி உரிமையும் இருக்கிறது. இரப்பர் வருவதற்கு முன்னர், 19ஆம் நூற்றாண்டில் இம்மாநிலத்தின் செல்வம் மிளகும் கம்பீரும் ஆகும். தெமெங்கோங் இபுராகிம் காலத்திலும் சுல்தான் அபு பாக்கார் காலத்திலும் சீன உழவர்கள் ஆற்றங்கரை தோறும் கம்பீர் பயிரிட்டனர். வெற்றிலையோடு மெல்லும் அந்தக் கம்பீர்ப் பசை தானின் நிறைந்தது. ஐரோப்பியத் தோல் பதனிடுவோரும் சாயமிடுவோரும் அதை வாங்கினர். தானின் இன்னொரு வேலையும் செய்யும்: கரைசலில் உள்ள தங்க, வெள்ளி உப்புகளை மீநுண்ணிய உலோகத் துகள்களாக மாற்றவல்லது. நானோ துகள் ஆய்வகங்களில் இன்று தானிக் அமிலக் குப்பி இருப்பது இதனால்தான்.

1664இல் இராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றிய தம் சோதனை நூலை வெளியிட்டார். வயலட் மலர்ச் சாற்றை வெள்ளைத் தாளில் சொட்டி, அதன் மேல் அமிலம் விட்டால் சிவக்கும், காரம் விட்டால் பச்சையாகும் என்று அவர் முறைப்படி எழுதி வைத்தார். நம் நாட்டில் சோற்றுக்கு நீலமேற்றும் சங்குப்பூவிலும் ஆந்தோசயனின் சாயங்களே உள்ளன. எலுமிச்சை பிழிந்தால் அந்நீலம் ஊதாவாவதை எல்லாரும் கண்டிருப்போம். ஐரோப்பாவில் லைக்கன்களிலிருந்து எடுத்த லிட்மசுத் தாள் நிலைத்துவிட்டது. நம் பள்ளி ஆய்வகங்களில் இன்றும் அச்சிறு தாள்கட்டு இருக்கிறது. அதை இவ்வுரையின் முடிவில் மீண்டும் எடுப்போம்.

வங்கத்துக் கிணறுகள்

19ஆம் நூற்றாண்டில் சோதனைத் தாள்கள் பெருகின. ஓசோனைக் கண்டறிந்த சான்பைன், பொட்டாசியம் அயோடைடும் மாவுப்பசையும் தடவிய தாளை உருவாக்கினார். அது நீலமாவதை வைத்து வானிலை நிலையங்கள் காற்றின் ஓசோனை அளந்தன. இங்கிலாந்து மருத்துவர் சார்ச் ஆலிவர் 1883இல் நோயாளியின் படுக்கையருகே சிறுநீரைச் சோதிக்கும் தாள்களைப் பற்றி நூல் எழுதினார். இவற்றையெல்லாம் விரைந்து கடந்து, ஒரு சோதனையில் மட்டும் நின்று பேச விரும்புகிறேன்.

1879இல் குட்சைட் என்னும் செருமானிய வேதியியலார் ஆர்செனிக்கைக் கண்டறிய ஒரு வழி கண்டார. நீரில் உள்ள ஆர்செனிக்கை ஆர்சைன் வளியாக மாற்றி, உலோக உப்புத் தடவிய தாளின் மேல் படச் செய்தால் தாள் நிறம் மாறும். பாதரச புரோமைடுத் தாளாக அது பின்னர் செப்பம் பெற்றது. ஆர்செனிக்கின் அளவுக்கேற்ப மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் ஏறும்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து அச்சோதனை ஒரு நாட்டின் தலைவிதியோடு பிணைந்தது. குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க, 1970களில் வங்காளதேசத்தில் கைப்பம்புக் குழாய்க் கிணறுகள் பரப்பப்பட்டன. கிருமியற்ற அந்நீரில் நிலத்தடி வண்டல் படிவுகளின் ஆர்செனிக் கரைந்திருந்ததை எவரும் பார்க்கவில்லை. மேற்கு வங்கத்தில் 1983இலும் வங்காளதேசத்தில் 1993இலும் உண்மை வெளிப்பட்டது. பிறகு, 2000 முதல் 2003 வரை, ஏறக்குறைய 50 லட்சம் கிணறுகள் களத்திலேயே சோதிக்கப்பட்டன. தாளின் நிறத்தைப் பார்த்துக் கிணற்றின் குழாய்க்குச் சிவப்போ பச்சையோ பூசினர். சிவப்பு என்றால் குடிக்காதே. பச்சை என்றால் குடிக்கலாம்.

ஒரு தாளின் மீது தோன்றிய புள்ளியின் நிறத்தை வைத்து ஒரு குடும்பம் எந்நீரைக் குடிப்பது என்று முடிவாயிற்று. 2002இல் சில ஆய்வாளர்கள் களக் கருவிப்பெட்டிகளின் முடிவுகளை ஆய்வக முடிவுகளோடு ஒப்பிட்டனர். கணிசமான கிணறுகளுக்குத் தவறான வண்ணம் பூசப்பட்டிருந்தது தெரிந்தது. எல்லை அளவுக்கு அருகில் இருந்த மெல்லிய மஞ்சள் நிறத்தை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் கண்டனர். நஞ்சுள்ள கிணற்றில் பச்சை பூசினால் குடிப்பவர் ஐயமின்றிக் குடிப்பார். நல்ல கிணற்றில் சிவப்பு பூசினால் ஒரு பெண் நெடுந்தூரம் நடந்து வேறு நீர் சுமப்பாள். ஆயினும் அச்சோதனையே இல்லாதிருந்தால் லட்சக்கணக்கானோர் தாம் எதைக் குடிக்கிறோம் என்பதையே அறிந்திருக்க மாட்டார்கள். மலிவான சோதனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. முதலாவதை மறைப்பவர் விற்பனையாளர். இரண்டாவதை மறைப்பவர் களத்தைக் காணாதவர்.

மங்கில் ஒரு பாடம்

தங்கம் மஞ்சள் நிறம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் போதுமான அளவு நுண்ணிதாக்கினால் அது மாணிக்கச் சிவப்பாகும். பழங்காலக் கண்ணாடி வினைஞர்கள் இதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர், காரணத்தை அறியவில்லை. மைக்கேல் பாரடே தங்கக் குளோரைடுக் கரைசலைப் பாசுபரசு கொண்டு வினைப்படுத்தி அழகிய செந்நிற நீர்மத்தைப் பெற்றார். 1857இல் இலண்டன் வேத்தியல் கழகத்தில் அதைப் பற்றி உரையாற்றினார். அச்சிவப்பு, உலோகத் தங்கமே மிக நுண்ணிய துகள்களாக மிதப்பதால் வருவது என்று அவர் கொண்டார். அந்நீர்மத்தில் சாதாரண உப்பைச் சேர்த்தால் சிவப்பு மாறி நீலமாவதையும் அவர் கவனித்தார். அவர் கைப்பட ஆக்கிய சில குப்பிகள் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் காக்கப்படுகின்றன. அவற்றின் சிவப்பு இன்னும் மாறவில்லை.

உப்பு ஏன் சிவப்பை நீலமாக்குகிறது? இவ்வினாவுக்கு விடை சொல்லத் தோட்டத்தில் பிறந்த தமிழருக்குப் பாடநூல் தேவையில்லை. அதிகாலையில் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து, தொட்டியில் ஊற்றிப் பார்மிக் அமிலம் கலந்தால் பால் உறையும். அமிலம் கலக்கும் வரை அது ஏன் உறையாமல் பாலாகவே இருந்தது? இரப்பர்ப் பாலில் மிதக்கும் நுண்ணுருண்டைகள் ஒவ்வொன்றையும் எதிர்மின்னூட்டம் கொண்ட மெல்லிய புரத உறை சூழ்ந்திருக்கிறது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். ஆகவே உருண்டைகள் ஒட்டாமல் விலகி நிற்கும். அமிலம் அம்மின்னூட்டத்தைத் தணித்தவுடன் அவை மோதி ஒட்டிக் கட்டியாகின்றன. மரத்திலேயே தங்கிய பால் காற்றில் தானே புளித்து ஒட்டுப்பாலாவதும் இவ்வினையே. பாலை நீர்மமாகவே ஆலைக்கு அனுப்ப வேண்டுமானால் அம்மோனியா சேர்ப்பார்கள். அது காரத்தன்மையை நிலைநிறுத்தி உறைதலைத் தடுக்கும்.

தங்க நீர்மமும் அப்படியே. துகள்கள் மட்டும் இரப்பர் உருண்டைகளைவிடப் பன்மடங்கு சிறியவை. வழக்கமாக 13 முதல் 20 நானோமீட்டர். ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். இத்துகள்களில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஒருமித்து அலைவுறுவதால், ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி விழுங்கப்படுகிறது. எஞ்சிய சிவப்பு நம் கண்ணை வந்தடைகிறது. உப்புச் சேர்ந்ததும் மின்னூட்டத்தின் காப்பு குறைந்து, துகள்கள் நெருங்கிக் குவிகின்றன. நெருங்கிய துகள்கள் ஒன்றன் அலைவை மற்றொன்று பாதிக்க, விழுங்கப்படும் ஒளி நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. நிறம் ஊதாவாகி நீலமாகிறது. இரப்பர்ப் பால் உறைவதைக் கண்ணால் காண்கிறோம். தங்கம் உறைவதை நிறத்தால் காண்கிறோம். துகள் ஒவ்வொன்றும் எப்படி ஒளியைச் சிதறடித்து விழுங்கும் என்பதை 1908இல் குசுதாவ் மீ கணக்கிட்டுக் காட்டினார். இத்தகைய நீர்மங்களின் இயல்பை ஆராய்ந்த சிக்மாண்டி 1925ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்.

இவற்றுக்குத் தமிழில் கூழ்மம் என்று பெயர் வைத்தவரை நான் மனத்தால் வணங்குகிறேன். கூழ் என்ற சொல்லிலேயே கரைந்தும் கரையாத நிலை புலப்படுகிறது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறிய காலத்தில் நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளிலிருந்து விலகிய சொற்களுள் இத்தகையன பல. தோட்டத்துப் பிள்ளைக்கு இரப்பர்ப் பாலிலிருந்து கூழ்மத்தைப் புரியவைப்பது எவ்வளவு எளிது என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

1951இல் துர்க்கேவிச்சும் அவர் தோழர்களும் தங்கக் கூழ்மம் செய்யும் எளிய வழியைச் சீர்படுத்தினர். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் எலுமிச்சை அமிலத்தின் உப்பாகிய சோடியம் சிட்ரேட்டைச் சேர்க்க வேண்டும். இளமஞ்சள் நிறம் மறைந்து, சற்றே கருநீலம் தோன்றி, சில நிமிடங்களில் திராட்சைரசச் சிவப்பு வரும். சிட்ரேட்டு தங்கத்தைத் துகளாக்குவதோடு துகளின் மேல் ஒட்டிக்கொண்டு அதற்கு எதிர்மின்னூட்டமும் தருகிறது. அவர்களது அளவுப்படி 100 மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் தங்கம் போதும்.

இவ்விடத்தில் சிறு கணக்கு ஒன்று. ஒரு லிட்டர் கூழ்மத்துக்கு 50 மில்லிகிராம் தங்கம். காகிதத்தில் ஒரு புள்ளிக்கு 2 மைக்ரோலிட்டர் இட்டால், ஒரு லிட்டரில் 5 லட்சம் புள்ளிகள். 8 கிராம் தூய தங்கம், அதாவது ஒரு பவுன், 160 லிட்டர் தரும். அது 8 கோடிப் புள்ளிகள். நிறம் தெளிவாகத் தெரியக் கூழ்மத்தைப் பத்து மடங்கு செறிவாக்கினாலும் 80 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். தங்கம் என்றவுடன் விலை கூடுமே என்று அஞ்சுவோர்க்கு இது விடை. செலவு தங்கத்தில் இல்லை. தூய நீர், இராச திராவகத்தில் கழுவிய கண்ணாடிக் கலங்கள், நம் ஊர் ஈரப்பதம் தாளைக் கெடுக்காதபடி அடைக்கும் உறை, ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி நிறம் மாறுகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிக்கும் உழைப்பு ஆகியவற்றில்தான் செலவு இருக்கிறது. மலிவு என்ற சொல்லைக் கட்டுரைகளில் காணும்போது இவற்றில் எவை கணக்கில் சேர்ந்தன என்று கேட்கும் பழக்கம் மாணவர்க்கு வேண்டும்.

மெழுகுக் கரையிட்ட ஓடைகள்

தங்கக் கூழ்மம் காகிதப் பட்டையை அடைந்தது மருத்துவத்தின் வழியாக. 1971இல் பால்க்கும் டெய்லரும் நோய் எதிர்ப்புப் புரதங்களைத் தங்கத் துகள்களில் ஒட்டவைத்தனர். மின்னணு நுண்ணோக்கியில் உயிரணுக்களைப் பார்ப்பதே அவர்கள் நோக்கம். 1980இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அவ்வகைத் துகள்களைக் கொண்டு சிறுநீரில் கருவுற்ற நிலையின் இயக்குநீரை அளந்தனர். 1980களின் இறுதியில் ஒரே பட்டையில் விடை சொல்லும் கருவுறுதல் சோதனை கடைகளுக்கு வந்தது. அதன் முதல் வடிவங்களில் ஒன்றில் நீலக் கோட்டைத் தந்தவை தங்கத் துகள்கள் அல்ல. செயற்கை லேடெக்சு உருண்டைகள். பின்னர் வந்த பட்டைகள் பலவற்றில் நாம் காணும் செங்கோடு தங்கத்தினுடையது. பெருந்தொற்றுக் காலத்தில் நாமே மூக்கிலும் உமிழ்நீரிலும் செய்துகொண்ட சோதனைகளில் பலவும் இவ்வகையே. நம் அரசு 2021 செப்டம்பரில் அத்தகைய கருவிப்பெட்டிக்கு 19 ரிங்கிட் 90 சென் என உச்ச விலை விதித்தது நினைவிருக்கலாம். நானோ துகள் என்ற சொல்லைக் கேட்டிராத கோடிக்கணக்கானோர் அதன் சிவப்பைத் தம் கையில் பிடித்துப் பார்த்தது அப்போதுதான்.

அப்பட்டைகளில் நீர்மம் ஊர்வது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோசுச் சவ்வில். அதனினும் எளிய வடிகட்டித் தாளிலேயே சோதனைக்கூடம் அமைக்க முடியும் என்று 2007இல் காட்டியவர்கள் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டினெசு, பிலிப்சு, பியூட், வைட்சைட்சு ஆகியோர். தாளில் நீர் தானே பரவும். பம்பும் மின்சாரமும் வேண்டா. ஆனால் எங்கும் பரவிவிடும் என்பதே இடர். ஆகவே நீர் புகாத சுவர்களைத் தாளினுள் எழுப்பி, நீர் செல்ல வேண்டிய ஓடைகளை மட்டும் விட்டுவைத்தனர். 5 மைக்ரோலிட்டர் சிறுநீர் ஓடைகளில் பிரிந்து சென்று, ஒரு கிளையில் சர்க்கரையையும் மற்றொரு கிளையில் புரதத்தையும் நிறத்தால் காட்டியது. இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1949இலேயே முல்லரும் கிளெக்கும் தாளில் பாரபின் மெழுகால் வரம்பு கட்டி நீர்மத்தை ஒரு வழியே செலுத்தியிருந்தனர்.

ஆர்வர்டு குழு முதலில் கையாண்டது ஒளியில் இறுகும் விலையுயர்ந்த பிசின். காகிதத்தை மலிவு என்று தேர்ந்து, சுவருக்கு மின்னணுத் தொழிற்சாலைப் பொருளை நாடியது ஒரு முரண்தான். 2009இல் அதே குழுவினர் மெழுகுக்கு வந்தனர். திட மெழுகு மை கொண்ட அச்சுப்பொறியில் வடிவத்தை அச்சிட்டு, தாளைச் சூடேற்றினால் மெழுகு உருகித் தாளின் அடிவரை இறங்கிச் சுவராகும். அதே ஆண்டில் சீன ஆய்வாளர்கள் மெழுகுப் பேனாவால் கையாலேயே வரைந்தும் காட்டினர். துணியில் மெழுகு வரைந்து சாயத்தைத் தடுக்கும் பாத்திக் கலையைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. சாந்திங் என்னும் சிறு செம்புக் குழாயால் உருகிய மெழுகை ஊற்றிக் கோடு இழுக்கும் கைவினைஞர் செய்வதும், சாயம் போகக்கூடாத இடத்திற்கு வேலி போடுவதே.

மெழுகு அச்சுப்பொறியின் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. உலகெங்கும் ஆய்வகங்கள் நம்பியிருந்த அவ்வகைப் பொறியை அதைச் செய்த நிறுவனம் பின்னர் நிறுத்திவிட்டது. மலிவான தொழில்நுட்பம் என்று பெயர் பெற்ற ஒன்று ஒரே நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலைச் சார்ந்திருந்ததை அப்போதே பலர் உணர்ந்தனர்.

மருந்தடித்த கைகள்

இப்போது நம் தோட்டங்களுக்கு வருவோம். 2002இல் தெனாகானித்தா அமைப்பும், பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டோர் என்னும் பொருள்படும் தலைப்பு அதற்கு. மலேசியத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையைப் பற்றியது அது. முதுகில் தொட்டியைச் சுமந்து, நாள்தோறும் களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் தெளித்த அப்பெண்களில் நம் தமிழ்ப் பெண்கள் பலர். தலைச்சுற்றல், நகம் கருகுதல், தோல் புண், மூக்கில் இரத்தம் என அவர்கள் சொன்னவற்றுக்கு நெடுநாள் எவரும் காது கொடுக்கவில்லை. வலி என்பதற்கு அளவு இல்லை. அளவில்லாததற்குச் சான்று இல்லை. சான்றில்லாததற்கு இழப்பீடு இல்லை. களைக்கொல்லியாகிய பாராகுவாட்டை 2002இல் படிப்படியாக விலக்க நம் அரசு முடிவு செய்தது. 2006இல் அத்தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 சனவரி முதல் நாள்தான் நடப்புக்கு வந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் ஒரு சோதனை நடந்தது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் எண்டோசல்பான் 2000ஆம் ஆண்டு வரை வானூர்தியால் தெளிக்கப்பட்டு வந்தது. அங்குள்ள மக்களின் துயரம் பின்னர் உலகறிந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவர் மாணவர்களும், எண்டோசல்பான் சேர்ந்தால் தங்க நானோ துகள்களின் சிவப்பு நீலமாக மாறுவதை 2003இல் வெளியிட்டனர். பூச்சிக்கொல்லி மூலக்கூறு துகளின் மேல் படிந்து, துகள்களை நெருங்கச் செய்கிறது. பாரடே உப்பைக் கொண்டு கண்ட மாற்றம் இங்கே நஞ்சைக் காட்டும் அடையாளமாயிற்று. 2009இல் அவர்கள் குளோர்பைரிபாசு, மாலத்தியான் ஆகியவற்றையும் மிகக் குறைந்த அளவில் கண்ணால் காணும்படி செய்தனர். அக்குழுவின் ஆய்வு கண்டறிவதோடு நிற்கவில்லை. வெள்ளி நானோ துகள்களால் பூச்சிக்கொல்லியை அகற்றும் குடிநீர் வடிகட்டி ஒன்று 2007 முதல் இந்தியச் சந்தையில் விற்கப்பட்டது.

அச்சோதனைகள் குப்பியில் நடந்தவை. தாளுக்கு அவை வந்த வழியைச் சொல்ல வேண்டுமானால் கனடாவுக்குச் செல்ல வேண்டும். 2010இல் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் லக்கமும் பிரென்னனும் ஒரு தாள் பட்டையை வெளியிட்டனர். நம் நரம்புகளில் அசிட்டைல்கோலின் எசுத்தரேசு என்னும் நொதி ஒன்று உண்டு. ஆர்கனோ பாசுபரசு வகைப் பூச்சிக்கொல்லிகள் மனிதரைக் கொல்வது அந்நொதியை முடக்கியே. அதே நொதியையும் தங்கத் துகள்களையும் தாளில் வைத்தனர். நொதி நலமாக இருந்தால் அது உண்டாக்கும் பொருள் கரைசலிலுள்ள தங்கத்தைத் துகளின் மேல் படியவைத்து நிறத்தை மிகுவிக்கும். பூச்சிக்கொல்லி இருந்தால் நொதி முடங்கும். நிறம் வெளிறியே நிற்கும். மருந்தடித்தவரின் உடலுக்குள் நடப்பதைத் தாள் தன் மேல் நடத்திக் காட்டுகிறது. நிறமாற்றச் சோதனையின் இந்த நெடிய வரலாற்றில் என்னை மிகவும் அசைத்த படி இதுவே.

ஆனால் தோட்டத்தில் மிகுதியாகத் தெளிக்கப்பட்ட பாராகுவாட்டு அந்நொதியைத் தாக்கும் வகையைச் சேர்ந்ததன்று. ஆகவே அத்தாள் அதைக் காட்டாது. அதற்கு மருத்துவமனைகள் வேறொரு வழியைக் கையாள்கின்றன: காரமாக்கிய சிறுநீரில் சோடியம் டைதயோனைட்டைச் சேர்த்தால் பாராகுவாட்டு நீலம் காட்டும். ஒவ்வொரு நஞ்சுக்கும் ஒவ்வொரு பூட்டு. ஒரே திறவுகோல் எல்லாவற்றையும் திறக்காது. தங்கத்திற்கோ இன்னொரு குறையும் இருக்கிறது. உப்புப் பட்டாலே அது நீலமாகிவிடும். ஆற்றின் கழிமுகத்தில் கடல்நீர் ஏறிய நேரத்தில் மொண்ட நீரில் நஞ்சே இல்லாமலும் தாள் நீலமாகலாம். வங்கத்துக் கிணற்றில் தவறான வண்ணம் பூசியது போன்ற பிழை இங்கும் நேரும். துகளுக்குத் தக்க உறை போர்த்தி, நஞ்சுக்கு மட்டும் இணங்கச் செய்வதே இன்று ஆய்வாளர்கள் தம் காலத்தின் பெரும்பகுதியைச் செலவிடும் வேலை. நிறத்தைக் கண்ணால் மதிப்பிடும் பிழையைக் குறைக்கக் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியைத் துணைக்கழைக்கின்றனர். ஆனால் காலை வெயிலில் எடுத்த படமும் வகுப்பறை விளக்கொளியில் எடுத்த படமும் ஒரே நிறத்தைக் காட்டுவதில்லை. எனவே சோதனைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே ஒப்பீட்டு நிறப்பட்டையையும் அச்சிடுகின்றனர்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கிம் கிம் ஆற்றங்கரைப் பள்ளி ஒன்றில் தங்கத் துகள் தாள் இருந்திருந்தால் அது உதவியிருக்குமா? பெரிதும் உதவியிராது என்பதே நேர்மையான விடை. அங்கே காற்றில் கலந்தவை பென்சீன், டொலுவீன், சைலீன், அக்ரிலோநைட்ரைல் போன்ற ஆவிகள். நான் மேலே விவரித்த தாள்கள் நீரில் கரைந்த நஞ்சுக்கு உரியவை. ஆயினும் அன்று அடையாளம் காணப்பட்ட பொருள்களின் பட்டியலில் ஐதரசன் குளோரைடும் இருந்தது. அது நீரில் கரைந்தால் அமிலம். போதிய செறிவில் அது காற்றில் இருந்திருந்தால், பள்ளி ஆய்வக அலமாரியிலிருந்து ஒரு நீல லிட்மசுத் தாளை எடுத்து, நீரில் நனைத்து, சன்னலோரம் பிடித்தாலே அது சிவந்திருக்கும்.